கையெழுத்து போட்டால் முடிந்ததா? பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரத்தில் தலைமுறைகளாக இருப்பவர்கள், ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரிக்கும் வருபவர்கள், ஐ.டி. வேலைக்கு வந்த பிறகு ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டவர்கள் என மூன்று வகைத் தமிழர்களை இந்த ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பார்க்கலாம். மூன்று வகையினரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். எந்த மாத்திரை, எந்த ஆபரேஷன் என்பது இங்கே பேச்சில்லை. 'இப்படிச் செய்வது முறையா, எங்களைக் கேட்க வேண்டாமா' என்ற வகைக் கேள்விகள் இவை. பதில்களில் சட்டம் வரும். என் சொந்த அபிப்பிராயமும் வரும். எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

மருத்துவ அறம் என்பது காலங்காலமாக ஒன்றுதானே? அதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

நோயாளிக்குக் கெடுதல் செய்யாதே, அவர் ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பவை அப்படியே இருக்கின்றன. முடிவு எடுப்பவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

கண்டோன்மென்ட் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தங்கள் குடும்ப டாக்டரைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மூன்று தலைமுறைக்கும் அவரே மருந்து கொடுத்திருப்பார். யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும், யாரிடம் மறைக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்திருப்பார். அவர் நல்லவராக இருந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. இல்லையென்றால் கேட்க ஆளில்லை. அறம் முழுக்க அவர் மனசாட்சிக்குள் இருந்தது.

அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் தொழில் நடத்தை விதிகள் வந்தன. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமைச் சாசனத்தைத் தயாரித்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை அறிவித்து, டாக்டர்கள் எதிர்த்ததும் அதே மாதம் நிறுத்தி வைத்தது. அதனால் 2002 விதிகளே இன்றும் கணக்கு.

இந்த மாற்றம் நல்லதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விதிகள் பெருகப் பெருகப் படிவங்களும் பெருகின. படிவம் நிரம்பியதும் கடமை முடிந்தது என்ற எண்ணம் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது, நமக்கும் வந்துவிட்டது. கீழே வரும் பாதிக் கேள்விகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டோம். இனி எதுவும் கேட்க முடியாதா?

தாராளமாகக் கேட்கலாம். கையெழுத்து போட்ட பிறகு மனம் மாறினால் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு 2008-இல் வந்த சமீரா கோஹ்லி வழக்கு. டெல்லியில் ஒரு பெண் என்ன கோளாறு என்று கண்டறிய, வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு ஒப்புக்கொண்டு மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். டாக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். கண்டறியக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. வயது வந்த பெண்ணுக்காக, அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க முடிகிற நேரத்தில், அம்மா கொடுத்த சம்மதமும் செல்லாது. அந்த நிமிடமே செய்யாவிட்டால் உயிர் போகும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

நம் வீடுகளில் இந்தத் தீர்ப்பைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். 'பெத்த அம்மா சொன்னா போதாதா?' என்பார்கள். போதாது. மனைவிக்குக் கணவர் கையெழுத்தும் அப்படித்தான். கணவர் வந்தால்தான் ஆபரேஷன் என்று காத்திருக்க வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது பழக்கம், சட்டம் அல்ல.

கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் காதில் விழ வேண்டும்: என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும். நான்காவதைக் கேட்டுப் பாருங்கள். பேச்சின் போக்கே மாறும்.

படிவம் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். யாரிடம் சொல்வது?

நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்று உரிமைச் சாசனம் சொல்கிறது. அச்சடித்த தமிழ்ப் படிவம் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் தமிழ் பேசத் தெரிந்த டாக்டரோ சிஸ்டரோ இல்லாத பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊரில் அரிது. 'தமிழ் தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் கையெழுத்து போடுகிறேன்' என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

வேண்டாத பழக்கம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு வார்டு ஆயாவையோ, கூட வந்த பள்ளிக்கூடப் பையனையோ மொழிபெயர்க்கச் சொல்வது. அம்மாவின் வெள்ளைப்படுதல் பற்றிப் பதிமூன்று வயது மகன் டாக்டரிடம் சொல்ல வேண்டிவந்தால், அம்மா பாதியை விழுங்கிவிடுவார். மிச்சத்தை மகன் விழுங்குவான். விளக்கம் முடிந்ததும் 'எனக்குப் புரிந்ததை நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்க' என்று கேட்பது நல்லது. நல்ல டாக்டர்கள் இதை அவர்களாகவே செய்யச் சொல்வார்கள்.

அப்பாவுக்குக் கேன்சர். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் யோசிக்கிறார். எங்கள் அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன். வேறு எதையும்விட இது அடிக்கடி வருகிறது.

முதலில் உங்கள் பக்கம். தாங்கமாட்டார், சாப்பாட்டை நிறுத்திவிடுவார், உடைந்துபோவார் என்ற பயம் பாசத்திலிருந்து வருகிறது. அதை அறியாமை என்று ஒதுக்கும் டாக்டர் எனக்குப் பிடிக்காது. ஒரு தலைமுறைக்கு முன்பு நோயாளியிடம் மறைத்துக் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்வது நல்ல டாக்டருக்கு அடையாளமாகவே இருந்தது. 2002 விதிகளைப் படித்தாலும் அந்தப் பழைய நிழல் தெரியும். நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கிறது விதி. கூடவே, நோயாளியோ அவர் உறவினர்களோ பொறுப்பான நண்பர்களோ நிலைமையை அறிந்திருப்பதை டாக்டர் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. நோயாளியும் சொந்தக்காரர்களும் ஒரே வரியில் நிற்கிறார்கள்.

இன்று நிலைமை வேறு. கீமோவுக்குக் கையெழுத்து போடுவது அப்பாதான். என்ன நோய்க்கு என்று தெரியாமல் அவர் போடும் கையெழுத்து சம்மதமே ஆகாது. அதனால்தான் டாக்டர் யோசிக்கிறார்.

சரி, சட்டத்தை விடுங்கள். மறைக்க முடிகிறதா என்று பாருங்கள். கித்வாய் வாசலுக்கு வந்தவருக்கு அது என்ன ஆஸ்பத்திரி என்று தெரியாதா? ரேடியேஷனுக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரர் 'உங்களுக்கு எங்கே?' என்று கேட்பார். கையில் போன் இருக்கிறது. மாத்திரைப் பெயரைத் தட்டினால் போதும். பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவர் தெரியாதமாதிரி இருப்பார். அவர் வருத்தப்படுவார் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் நடித்துக் களைத்துப்போகும். இதற்கிடையில் வீட்டுப் பத்திரம் யார் பேரில், பேசாமல் போன தம்பியை ஒருமுறை பார்க்கலாமா, கடைசி மகளின் கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் பேசப்படாமலே நின்றுவிடும்.

நல்ல புற்றுநோய் மருத்துவர்கள் இப்போது பிடிக்கும் வழி இது. முதலில் நோயாளியையே கேட்பார்கள்: 'உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? இல்லை, பையனிடம் பேசிக்கொள்ளட்டுமா?' சிலர், 'எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் டாக்டர், பெரியவன்கிட்ட பேசிக்குங்க' என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் அவர்கள் உரிமை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதை அப்பா தேர்ந்தெடுக்கலாம். அவருக்காக நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. குடும்பத்திடம் டாக்டர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச வாக்கு: 'அவராகக் கேட்கும்வரை நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.' நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், வலியையும் வேதனையையும் குறைப்பதைப் பார்க்கும் தணிப்பு மருத்துவக் குழுவைக் கேளுங்கள். மாரத்தஹள்ளி பக்கம் இருக்கும் கருணாஷ்ரயா, நோய் முற்றிய புற்றுநோயாளிகளை 1999 முதல் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் இடம். செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கென்று ஆட்கள் உண்டு. சாகப் போகிறவர்களுக்கான இடம் என்று பயந்து கடைசி வாரத்தில் போகிறோம். முன்னாலேயே போனால் வலியாவது குறையும்.

அப்படியென்றால் டாக்டர் எப்போதுமே பொய் சொல்லக் கூடாதா?

சிறுநீரகத் தானத்தில் ஒரு சங்கடமான விதிவிலக்கு இருக்கிறது. தம்பிக்குக் கிட்னி வேண்டும். அக்காவின் ரத்தம் பொருந்துகிறது. அவளுக்குப் பயம், ஆனால் அம்மா, மாமா, சித்தப்பா எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மையங்களில் தானம் கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். அவர் விருப்பமில்லை என்று சொன்னால், குடும்பத்திடம் 'மருத்துவ ரீதியாக இவர் பொருத்தமில்லை' என்று மட்டும் சொல்லி முடித்துவிடும் டாக்டர்கள் உண்டு. இதை ஏற்காத அறவியலாளர்களும் இருக்கிறார்கள். நான் டாக்டர் பக்கம். அக்கா திரும்பி அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஐ.சி.யூ.வில் தாத்தா வென்டிலேட்டரில் இருக்கிறார். இனி பயனில்லை என்கிறார்கள். எடுக்கச் சொல்வது கொலையாகாதா?

ஆகாது. ஆனால் அதற்கு முறை இருக்கிறது.

மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு, 2015-இல் இறக்கும்வரை சுயநினைவின்றிக் கிடந்தார். அவர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் முதல்முறையாகக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2018-இல் காமன் காஸ் வழக்கில், மானத்தோடு சாவதும் வாழும் உரிமையின் பகுதி என்றது. அப்போது வகுத்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. கர்நாடக அரசு 2025 ஜனவரி 30-இல் இதை ஆஸ்பத்திரிகளில் நடைமுறைப்படுத்த ஆணை பிறப்பித்தது.

வேலை நடக்கும் விதம் இது. சிகிச்சை செய்யும் டாக்டரோடு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியமட்டும் 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பம் ஒப்புக்கொண்டால், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, செயற்கை உதவியை நிறுத்தலாம். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்தான். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வழி தெரியாததால் இத்தனை வருடமும் நடந்தது வேறு. 'டாக்டர் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்று குடும்பத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனோடு ஊருக்குப் போய், வாசலில் இறக்கும்போது உயிர் போகும். போலீஸ் பயம் டாக்டருக்கு, பில் பயம் குடும்பத்துக்கு. நடுவில் தாத்தாவுக்கு வலிக்கு மார்ஃபின்கூட இருக்காது. பயனில்லை என்பதால் நிறுத்துவதும் பணமில்லை என்பதால் நிறுத்துவதும் வேறு வேறு. ஐ.சி.யூ. வாசலில் அதைப் பிரித்துப் பேச யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: 'பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?' பதிலில் உண்மை நிலை தெரியும்.

அப்படி ஒரு நிலை வந்தால் எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்க முடியுமா?

முடியும். பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், தெளிவான மனநிலை வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து போட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் முடிவு சொல்ல வேண்டிய ஆட்களின் பெயரை அதில் எழுத வேண்டும். நகலைக் குடும்ப டாக்டருக்கும், உள்ளாட்சியில் இதற்கென்று நியமித்த அலுவலருக்கும் கொடுக்கலாம். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டியிருந்தது. 2023-இல் அது போய்விட்டது. எழுதி பீரோவில் பூட்டிவிட்டால் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் நான்கு பேரும் ஒன்றாக இருக்கும் ஒரு பொங்கலன்று எடுத்துப் பேசிவிடுங்கள். அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆக்சிடென்ட் கேஸ். முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள். அது சரியா?

சரியில்லை. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், எந்த டாக்டரும் போலீஸ் நடைமுறைக்குக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஸ்கூட்டரில் போனவர் அடிபட்டு, பக்கத்து ஆஸ்பத்திரி தொலைவில் இருந்த வேறொன்றுக்கு அனுப்பியதால் வழியில் இறந்த செய்திதான் அந்த வழக்குக்குக் காரணம். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம், சுருக்கமாக கே.பி.எம்.இ., 2007-இல் வந்தது. அதன் திருத்தத்தின்படி அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்டுக் கெடுபிடி செய்யக் கூடாது. நோயாளி இறந்துவிட்டால் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைக்கவும் கூடாது; கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். இந்தத் திருத்தத்தை எதிர்த்து 2017 நவம்பரில் தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில கடும் பிரிவுகளை அரசு தளர்த்திக்கொண்டது. மேலே சொன்ன இரண்டும் அப்படியே நிற்கின்றன. கவுன்ட்டரில் 'கே.பி.எம்.இ.' என்று ஒரு வார்த்தை சொன்னாலே குரல் இறங்கும்.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்த வழிப்போக்கரைப் பெயர் சொல்லச் சொல்லியோ பணம் கட்டச் சொல்லியோ நிறுத்தவும் கூடாது.

ஸ்கேனுக்கு அந்த சென்டருக்கே போகச் சொல்கிறார். 'கட்' வாங்குகிறாரோ?

எல்லா டாக்டரும் வாங்குவதில்லை. வாங்குகிறவர் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 2017 நவம்பரில் பெங்களூரில் சில ஸ்கேன், பரிசோதனை மையங்களிலும் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களிலும் வருமான வரித்துறை சோதனை போட்டது. நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு எம்.ஆர்.ஐ. என்றால் 35 சதவீதமும், சி.டி.க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் 20 சதவீதமும் போனதாகத் துறையே சொன்னது. கணக்கில் அது விளம்பரச் செலவு என்று எழுதப்பட்டிருந்ததாம்.

2002 விதிப்படி நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் தவறு. நீங்கள் செய்யக்கூடியது எளிது: சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். தரமான வேறு மையத்தின் அறிக்கையை ஏற்க மாட்டேன் என்று சொல்லும் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும், படம் தெளிவாக இல்லை என்பது போல. அதைக் கேட்கும் விதத்தில் கேட்டால் அவரே விளக்குவார்.

மருந்துக் கம்பெனிப் பரிசு, வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. 2009-இல் அது டாக்டர்கள் விதியில் சேர்ந்தது. 2024-இல் கம்பெனிகளுக்கும் தனி நெறிமுறை வந்தது. மேஜைமேல் இருக்கும் பேனாவைப் பார்த்து யாரையும் எடை போட வேண்டாம்.

புது மருந்து இலவசமாகத் தருகிறோம், ஆராய்ச்சியில் சேருங்கள் என்கிறார்கள். எலி மாதிரி பயன்படுத்திக்கொள்வார்களா?

பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் இன்று ஆராய்ச்சிதான் அதிகக் கண்காணிப்பில் இருக்கும் இடம். மருந்துச் சோதனைக்கான 2019 விதிகளின்படி, ஆராய்ச்சி முறையானதா என்று பார்க்கும் அறக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருந்துச் சோதனை நடத்த முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் தெரியாத பொதுமனிதர் ஒருவரும் ஒரு பெண்ணும் கட்டாயம். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

தமிழ்ப் படிவம் கேளுங்கள். இங்கே அது உறுதியாகக் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

மனநல டாக்டரிடம் என்ன பேசினேன் என்று கணவருக்கோ கம்பெனிக்கோ சொல்லிவிடுவார்களா?

கூடாது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உங்களுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து வரும் என்பது போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் தேவையான அளவு சொல்லலாம். உங்கள் சார்பாகப் பேச யாரை வேண்டுமானாலும் நீங்கள் நியமிக்கலாம். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விவாகரத்துக்காக மாமியார் வீட்டார் ஃபைலைக் கேட்டு வந்தால் ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சிலர் என்றால் மட்டும், முதல் சந்திப்பிலேயே 'இதில் எது அலுவலகத்துக்குப் போகும்?' என்று கேட்டுவிடுங்கள்.

அதே சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்வு கொடுப்பதையும் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. இந்தப் பக்கத்தில் சொன்ன மாற்றங்களில் மிகப் பெரியது இது என்பேன்.

போனில் வைத்தியம், ஏ.ஐ. வைத்தியம் எல்லாம் வந்துவிட்டதே?

தொலைமருத்துவ வழிகாட்டி 2020 மார்ச்சில் வந்தது. போனில் பேசும் டாக்டரும் பதிவு எண் கொடுக்க வேண்டும். போதை தரும் சில மருந்துகளை அதன் வழியாக எழுத முடியாது. செயற்கை நுண்ணறிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-இல் நெறிமுறை வெளியிட்டது. மெஷின் என்ன சொன்னாலும் கையெழுத்து போடும் டாக்டர்தான் பொறுப்பு. இதைவிட அன்றாடப் பிரச்சினை வாட்ஸ்அப். உங்கள் புண்ணின் படத்தையோ ரிப்போர்ட்டையோ வேறு டாக்டர்கள் குழுவில் போடும் முன் உங்களைக் கேட்க வேண்டும்.

எல்லாம் டாக்டருக்குத்தானா? நோயாளி வீட்டுக்கு அறம் கிடையாதா?

உண்டு. நள்ளிரவில் இருபது பேர் ஐ.சி.யூ. வாசலில் கூடி, பணியில் இருக்கும் இளம் டாக்டரின் சட்டையைப் பிடிப்பதற்கு எந்தத் துக்கமும் நியாயமாகாது. கர்நாடகத்தில் இதற்கென்று 2009 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அடிவாங்கின டாக்டர் அடுத்த கஷ்டமான கேஸைத் தொட மாட்டார், வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். பழைய மருந்தை மறைப்பது, நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொல்லாமல் விடுவது, இன்ஷூரன்ஸுக்காக நோயின் தேதியை மாற்றி எழுதச் சொல்வது எல்லாம் நம் பக்கத்துக் கணக்கு.

புகார் என்றால் எங்கே போவது?

முதலில் காகிதங்கள். உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002 விதி. மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். எழுத்தில் கேட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பில், முன்பணம், உடலைத் தராதது போன்றவற்றுக்கு கே.பி.எம்.இ. சட்டத்தின் கீழ் உள்ள மாவட்டப் பதிவு, குறைதீர்ப்பு ஆணையம். டாக்டரின் நடத்தை என்றால் கர்நாடக மருத்துவக் கவுன்சில். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். யாருக்குமே கட்டணம் வாங்காத அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்த வழி இல்லை. போலீஸுக்கு எடுத்தவுடன் ஓட வேண்டாம். டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

மருத்துவக் கவுன்சில் விஷயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்துக்கான 2019 சட்டப்படி, மாநிலக் கவுன்சிலின் முடிவு பிடிக்காத டாக்டர் தேசிய ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுத்த நோயாளிக்கு அந்த வழியைச் சட்டம் எழுதவில்லை. இதனால் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தவர்கள் உண்டு. அதனால் கவுன்சிலில் புகார் கொடுப்பவர்கள் நுகர்வோர் ஆணையத்தின் இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடாமல், இரண்டையும் சேர்த்தே தொடங்குவது நல்லது.